ஊட்டிக் குளிரும் ஐயாயிரம் ரூபாயும்: ஹீட்டரா, கூரையா, போர்வையா?

நவம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைத்தெருக்களில் ரூம் ஹீட்டர்கள் கடை வாசலுக்கே வந்துவிடும். வேலைக்காகக் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர்கள், முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகும் புதுக் குடும்பங்கள், வயதான அப்பா அம்மாவை வீட்டில் வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். கையில் இருக்கும் நாலைந்தாயிரத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதி, இரண்டு மாதம் கழித்து வரும் ஈபி பில்லில் போகும்.

ஐயாயிரம் ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால் ஹீட்டரைக் கடைசியாக யோசியுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. தகரக் கூரை போட்ட சொந்த வீடு, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவின் ஒரு பகுதி, புதிதாகக் கட்டிய கான்கிரீட் மாடி என்று ஒவ்வொன்றும் குளிரை ஒவ்வொரு வழியில் உள்ளே விடுகிறது. அதனால் ஒவ்வொன்றாகவே எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் இந்தக் குளிரின் குணம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் இங்கே ஐரோப்பாவைப் போல நாள் முழுக்க உறைந்து கிடக்கும் குளிர் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் முதலில் நீர்ப்பனி விழும், அப்புறம் டிசம்பர் வாக்கில் உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கமும் தாவரவியல் பூங்காப் புல்வெளியிலும் காலையில் வெள்ளை வெளேரென்று படிந்திருப்பதைப் பார்க்கலாம். அதே நாள் மதியம் நல்ல வெயில் அடிக்கும், வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். பள்ளமான இடங்களில் பூஜ்யத்தையும் தொடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பதால்தான் தலைகுந்தாவில் அவ்வளவு பனி.

ஆக, நமக்கு வேண்டியது பகலில் கிடைக்கிற சூட்டை விடியும்வரை வீட்டுக்குள் பிடித்து வைக்கும் வழி. புதிதாகச் சூடு உண்டாக்குவது அதற்கு அடுத்த வேலை. அந்த வரிசையை மாற்றினால்தான் செலவு கையை மீறிப் போகிறது.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த ஜன்னல்களில் வெயில் நன்றாக உள்ளே விழும். காலையில் திரையை முழுக்க விலக்கி விடுங்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்து விடுங்கள். ஐந்தரைக்கு நினைவு வந்து சாத்தினால், அதற்குள் அறை ஆறிப்போயிருக்கும். மெத்தை, கம்பளி, தலையணையை மதிய வெயிலில் காயப் போடுவதும் இதே கணக்குதான். இலவம்பஞ்சும் பருத்தியும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான மெத்தை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சில்லிட்டுத்தான் கிடக்கும். இந்த வேலைகளுக்கு ஒரு பைசா செலவில்லை.

ஹீட்டர்: விலையை விட பில்தான் பெரிது

கடையில் 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் ப்ளோயர், கம்பிச்சுருள், ஹாலஜன் வகைகள் கிடைக்கும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகைக்கு எட்டாயிரத்துக்கு மேல் ஆகும். எது அதிகச் சூடு தரும் என்று விற்பவர் நிறையச் சொல்வார். உண்மையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவை எல்லாமே தருவது ஒரே அளவு சூடுதான். சூட்டை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில்தான் வித்தியாசம். ப்ளோயர் காற்றைச் சூடாக்கும். ஓட்டை ஒடிசல் உள்ள வீட்டில் அந்தக் காற்று நேராகக் கூரை வழியே வெளியே போய்விடும். ஹாலஜனும் குவார்ட்ஸ் குழாய் வகையும் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பையே சூடாக்கும், வெயில் காய்வதைப் போல. அதனால் காற்று ஒழுகும் வீட்டில் இவை பரவாயில்லை. எண்ணெய் ரேடியேட்டர் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும், கம்பி சிவந்து எரியாது. படுக்கையறைக்கு இருப்பதில் நல்லது அதுதான், ஆனால் விலை நம் பட்ஜெட்டில் அடங்காது.

இப்போது பில். 2,000 வாட் ஹீட்டரைத் தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். சாதாரணமாக 200 யூனிட் ஓடுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி அந்த வீட்டுக்கு 225 ரூபாய் வரும். அதோடு ஹீட்டரின் 480 யூனிட் சேர்ந்து 680 ஆனால் பில் 3,470 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடுகிறது, மேலே ஓடுகிற யூனிட்டுகளுக்கு 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகிறது. விகிதங்கள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் அடுக்கடுக்காக ஏறும் இந்தப் படிக்கட்டுதான் ஹீட்டர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது.

அதே ஹீட்டரை 1,000 வாட்டில் வைத்து, படுக்கும் முன் ஒரு மணி நேரம், விடியற்காலை ஒரு மணி நேரம் என்று ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அதே கட்டணத்தில் பில் 765 ரூபாய். இது தாங்கக்கூடிய செலவு. ஆக, ஹீட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரச் சூடு அறைக்குள் தங்க வேண்டும், அதற்கு மற்ற வேலைகள் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வயரிங். 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் படுக்கையறையில் இருப்பது ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட சின்ன சாக்கெட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டி, அதில் ஹீட்டரைச் சொருகுவார்கள். அரை மணி நேரம் கழித்து ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால், அல்லது ப்ளக்கின் கால் நுழைகிற இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக மாறியிருந்தால், அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். பெரிய மூன்று கால் சாக்கெட்டில், தனி வயர் இழுத்து, எக்ஸ்டென்ஷன் இல்லாமல்தான் ஹீட்டர் ஓட வேண்டும். அந்த வயர் இழுக்கும் செலவையும் ஹீட்டர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் ஊரே ஹீட்டரும் கீசரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால், 2,000 வாட் என்று வாங்கியது 1,400 வாட்டுக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சந்து அடைப்பது: 500 ரூபாயில் ஆகிற வேலை

இரவு எட்டு மணிக்கு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வாசற்கதவின் அடியில், ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடத்தில், கதவு இரண்டும் சந்திக்கும் நடுக்கோட்டில், ஓட்டுக் கூரை சுவரில் உட்காரும் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். புகை நேராக மேலே போகிற இடம் சரி. சடாரென்று உள்பக்கம் சாய்கிற இடத்தில்தான் உங்கள் சூடு களவு போகிறது. திரைச்சீலை பக்கம் மட்டும் ஜாக்கிரதை.

கதவடிக்கு ரப்பர் பட்டையோ, துணி உறை போட்ட ஃபோம் குழாயோ 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். காசு செலவழிக்க மனமில்லையா, பழைய சேலை ஒன்றை நீளமாக மடித்து, உள்ளே மணலோ கந்தல் துணியோ வைத்துத் தைத்து, கதவடியில் போடலாம், அதே வேலையைச் செய்யும். ஜன்னல் சட்டத்துக்குப் பசை உள்ள ஃபோம் டேப். ஒட்டுவதற்கு முன் மரத்தைத் துடைத்து நன்றாகக் காய விட வேண்டும். மலை ஈரத்தில் அப்படியே ஒட்டினால் ஒரு வாரத்தில் சுருண்டு கையோடு வந்துவிடும், அதனால் வெயில் நாள் மதியம் பார்த்து ஒட்டுங்கள். சுவரும் சட்டமும் சேரும் இடத்து விரிசலுக்குக் கொஞ்சம் சிமென்ட் அல்லது ஒயிட் சிமென்ட் பூச்சு போதும்.

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் பப்புள் ஷீட் ஒட்டுவது நன்றாகவே பலன் தரும், வெளிச்சமும் வரும். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும், அது நல்லதும்கூட. அதனால் இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். பார்சல்களோடு வீட்டுக்கு வந்து சேர்ந்ததை எடுத்து வைத்துப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் தடித்த திரை. ஜன்னலின் அகலத்தை விட ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூடுதலாக, ஜன்னல் திட்டைத் தொடும் நீளத்துக்கு இருந்தால் சாதாரண ஜமுக்காளமே திரையாக நன்றாக வேலை செய்யும்.

ஆனால் முழுக்க முழுக்க அடைத்துவிடக் கூடாது. நான்கு பேர் தூங்கும் அறையில் மூச்சுக் காற்றின் ஈரம் மட்டுமே விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் வழியும். அந்த ஈரம் சுவரில் ஏறி மூலைகளில் கருப்புப் பூஞ்சையாகும், பிறகு வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் திறந்தே இருக்கட்டும், காலை பத்து மணிக்கு மேல் ஜன்னல்களை அரை மணி நேரம் அகலத் திறந்து வையுங்கள்.

கூரை: இங்கேதான் பணத்தைப் போட வேண்டும்

தகரக் கூரை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் போர்வை மேல் தண்ணீர் விழும், வெளியே மழை இருக்காது. தெளிந்த வானத்தின் கீழ் ஜிங்க் ஷீட் தன் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் அதிகமாகக் குளிர்ந்து போகிறது. நம் மூச்சின் ஈரமும் சமையல் ஆவியும் அந்தக் குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கம் பட்டுத் தண்ணீராகின்றன. கார் கூரையில் பனி படிகிற அதே சங்கதிதான் நம் தலைக்கு மேல் நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேலே வெறும் தகரம். உள்ளே 16 டிகிரி, வெளியே 4 டிகிரி. கூரை வழியாக மட்டும் வெளியேறும் சூடு சுமார் 900 வாட். சந்துகள் வழியாகப் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதாவது ஒரு ஹீட்டரைப் போட்டு விடிய விடிய ஓட்டினாலும் அது பெரும்பாலும் வானத்தைச் சூடாக்கத்தான் உழைக்கிறது. இதே தகரத்துக்குக் கீழே ஓர் அரை அடி இடைவெளி விட்டு, ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட்டால் ஒரு சீலிங் கட்டினால் அந்த 900 வாட் 200க்குப் பக்கத்தில் வந்துவிடும். தூங்கும் மனிதர் ஒருவரின் உடம்பு 70 வாட் அளவுக்குச் சூடு வெளியிடும். நான்கு பேர் என்றால் 280. கூரையை அடைத்த அறையில் குடும்பமே ஒரு சின்ன ஹீட்டர். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் கூரையை முதலிடத்தில் வைக்கிறேன்.

இதில் என்னென்ன வழிகள்? மிக மலிவானது துணி. ஓட்டு வீடுகளில் கூரைக்கு அடியில் தடித்த துணியை இழுத்துக் கட்டுவது பழைய பழக்கம். காற்றோட்டத்தைக் குறைக்கும், தூசி விழாது. சூட்டைத் தடுப்பது ஓரளவுக்குத்தான். சமையலறையில் இதைக் கட்டவே கூடாது.

அடுத்தது தெர்மாகோல். விலை குறைவு, சூட்டை நன்றாகத் தடுக்கும். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். எலி குடைந்து கூடு கட்டும், மலையில் குளிருக்கு எலிகள் வீட்டுக்குள் ஒதுங்குகிற காலமும் இதுதான். விறகடுப்பு, ஹீட்டர், பழைய வயர் இருக்கும் வீட்டில் திறந்த தெர்மாகோலைத் தலைக்கு மேல் வைக்காதீர்கள்.

ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட் சதுர அடி 20 முதல் 40 ரூபாய்க்குக் கிடைக்கும். 120 சதுர அடி அறைக்கு நடுத்தரமான ஷீட் எடுத்தால் மூன்றாயிரத்து ஐந்நூறை ஒட்டி வரும். ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே அடித்து, அதில் ஷீட்டை ஆணியும் வாஷரும் வைத்து ஏற்றலாம். கொஞ்சம் கைவேலை தெரிந்த இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். தகரத்தோடு ஒட்டி வைக்காமல் இடைவெளி விடுங்கள், பளபளப்பான பக்கம் அந்த இடைவெளியைப் பார்க்கட்டும். ஷீட்டுகள் சேரும் இடங்களை அலுமினியம் டேப்பால் ஒட்டுவது முக்கியம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் மேலே போய்த் தகரத்தில் படிந்து, சீலிங் மேலேயே சொட்டித் தேங்கும். சுவர்ப்பக்கம் ஒரு லேசான சரிவு கொடுத்துவிட்டால் விழுகிற சொட்டும் ஓரமாக வழிந்துவிடும்.

பிவிசி சீலிங், ஜிப்சம் சீலிங் எல்லாம் பார்வைக்கு அழகு. கூலியோடு சேர்த்தால் ஒரு அறைக்கே பத்தாயிரத்தைத் தாண்டும். வெறும் பிவிசி பலகை சூட்டைத் தடுப்பதிலும் ஃபோம் அளவுக்கு வராது. காசு இருப்பவர்கள் மேலே ஃபோம், கீழே பிவிசி என்று போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். சீலிங்கைச் சுவரிலிருந்து சுவருக்குக் கட்டைகள் தாங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

முழு வீட்டுக்கும் முடியாவிட்டால் ஒரே ஓர் அறைக்குச் செய்யுங்கள், குளிர் உச்சத்தில் இருக்கும் அந்த ஏழெட்டு வாரம் எல்லோரும் அந்த அறையில் படுத்துக்கொள்ளலாம். இந்த மலையின் பழைய வீடுகள் இப்படித்தான் யோசித்துக் கட்டப்பட்டவை. தோடர்களின் வீடு அரைவட்டமாக வளைந்த தடித்த கூரையோடு, தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசலோடு இருக்கும். காற்று புகவும் வழியில்லை, மேலே வீணாகும் உயரமும் இல்லை. படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டுச் சூடு நம் சுவரையும் காக்கும். ஓங்கிய கூரை, பெரிய கண்ணாடி ஜன்னல் எல்லாம் கணப்புக்கு விறகு அள்ளிப்போட வசதி இருந்தவர்களின் பங்களாக்களில் வந்தவை.

படுக்கை: குறைந்த காசில் உடனடி நிம்மதி

இரவு முழுக்க அறையையே சூடாக்குவதை விட, படுக்கிற இடத்தை மட்டும் சூடாக்குவது எத்தனையோ மடங்கு மலிவு. மின்சாரப் போர்வை 1,200 முதல் 2,500 ரூபாய் வரை. இருவர் படுக்கும் அளவுள்ளது 100 வாட் என்றே வைத்து, எட்டு மணி நேரம் தினமும் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். முன்பு சொன்ன அதே வீட்டுக்கு 225 ரூபாய் பில் 441 ஆகும், அவ்வளவுதான். படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டுவிட்டு, படுத்ததும் அணைத்துவிடுகிறவர்களுக்கு இதுவும் வராது.

ஆனால் யாருக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டாம். படுக்கையை நனைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கும், எழுந்து சுவிட்சை அணைக்க முடியாதவர்களுக்கும் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு ரப்பர் வெந்நீர்ப் பையையும் துணியில் சுற்றிப் படுக்கையில் முன்கூட்டி வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுவதே பாதுகாப்பு. அந்தப் பை 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் காய்ச்ச ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பையை முழுக்க நிரப்பாதீர்கள், காற்றை வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்குங்கள்.

பலரும் மேலே இரண்டு கம்பளி, மூன்று கம்பளி என்று அடுக்குவார்கள், கீழே ஒன்றுமே போட மாட்டார்கள். சிமென்ட் தரையில் பாய் விரித்துப் படுத்தால் குளிர் கீழிருந்துதான் ஏறும். மூன்றாவது கம்பளியை எடுத்து மெத்தைக்கு மேலே, உடம்புக்குக் கீழே விரித்துப் பாருங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். தரைக்கு முதலில் ஒரு கயிற்றுப்பாய், அதன் மேல் மெத்தை. தலைக்கு மஃப்ளர், காலுக்குச் சாக்ஸ் என்பதெல்லாம் மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

கரி அடுப்பு: மலிவு என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்

இரும்புச் சட்டியில் கரியைக் கனல வைத்து அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது மலையில் இன்றும் நடக்கிறது. செலவு குறைவு, சூடும் உடனே வரும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் குளிர் நாட்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. தங்கும் விடுதியில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்த சுற்றுலா இளைஞர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகையே வராமல் தகதகவென்று சிவந்திருக்கும் கரியிலிருந்துதான் அது அதிகம் வரும், 'புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே வைக்கலாம்' என்ற எண்ணம் ஆளைக் கொல்வது அதனால்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக இது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறக்கம், குமட்டல். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. சந்துகளையெல்லாம் அடைத்துக் கூரையையும் மூடிய வீட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஆகவே மேலே சொன்ன வேலைகளில் ஒன்றைச் செய்தாலும் கரிச்சட்டிக்கு வீட்டுக்குள் இடமில்லை. முற்றத்தில் உட்கார்ந்து குளிர் காயுங்கள், அங்கேயே அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இதைப் பல வருடம் செய்து ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அன்றைய வீட்டுக் கூரையில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருந்தது, காப்பாற்றியது அந்த இடைவெளிதான்.

கேஸ் ஹீட்டருக்கு வருவோம். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கிறது. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய். மின்சாரத்தின் கீழ் அடுக்குகளோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் இல்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி அறைக்குள் சேரும், ஏற்கெனவே ஈரமான வீட்டில் சுவரெல்லாம் ஊறும். கார்பன் மோனாக்சைடு பயமும் கூடவே வரும். எனக்கு இது எந்த வகையிலும் சரியாகப் படவில்லை. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான், அது வெளிச் சுவரில் இருக்க வேண்டும்.

பழைய பங்களாவில் கணப்பு உள்ள அறை வாடகைக்குக் கிடைத்திருந்தால், புகைபோக்கி சுத்தமாக இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகே கொளுத்துங்கள். சீகை விறகோ கற்பூர மர விறகோ விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், காட்டில் பொறுக்குவது சட்டப்படி தவறு. எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும், போகும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பயன்படுத்தாத கணப்பு இன்னும் மோசம், கூரையில் ஒரு ஓட்டையைத் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம். ஒரு சாக்கில் பழந்துணியை அடைத்துப் புகைபோக்கியின் கழுத்தில் செருகிவிடுங்கள், கயிறு ஒன்றைத் தொங்கவிட்டால் உள்ளே சாக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, உங்கள் வீட்டுக்கு எது?

தகரக் கூரை போட்ட சொந்த வீடு என்றால் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஐயாயிரத்தில் 500 ரூபாய் சந்து அடைக்க, 3,500 ஒரு அறையின் கூரைக்கு, மீதியில் கட்டைக்கும் டேப்புக்கும் போக இரண்டு வெந்நீர்ப் பை. மின்சாரப் போர்வை அடுத்த வருடம்.

தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவர்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டக் குடியிருப்புகளில் வசிப்பவர்கள் கூரையில் கை வைக்க நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் கூரைக்குப் போக வேண்டிய பணத்தைப் படுக்கைக்குத் திருப்புங்கள். ஒரு மின்சாரப் போர்வை, கயிற்றுப்பாய், நல்ல கனமான கம்பளி இரண்டு, கதவடிக்குத் தைத்த பட்டை. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டுகிற கம்பிகளில் தடித்த துணியைத் தொங்கவிட்டு ஓர் அறைக்குள் இன்னோர் அறை மாதிரி செய்துகொள்வதும் நன்றாக உதவும். வேறிடம் போனால் கையோடு எடுத்துப் போகக்கூடியவை இவையெல்லாம்.

கான்கிரீட் மாடி வீட்டில் கூரை தகரம் அளவுக்குப் படுத்தாது. பகல் வெயிலை வாங்கி வைத்து, முன்னிரவு வரை கொஞ்சம் திருப்பித் தரும். இங்கே காற்று போவது பெரும்பாலும் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வழியாகத்தான். அதன் தடத்தில் உள்ள பிரஷ் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், தடித்த திரை போடுங்கள். அதன் பிறகும் பணம் இருந்தால் மின்சாரப் போர்வை. இந்த வகை வீட்டில் ஹாலில் உட்காரும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு 1,000 வாட் ஹாலஜன் ஹீட்டரும் நியாயமான செலவுதான்.

கைக்குழந்தையோ, படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரோ உள்ள வீட்டுக்கு மட்டும் நான் வரிசையை மாற்றுவேன். அவர்களால் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது, மின்சாரப் போர்வையும் ஆகாது. அந்த ஒரு அறையின் சந்துகளையும் கூரையையும் அடைத்துவிட்டு, கடன் வாங்கியாவது ஓர் எண்ணெய் ரேடியேட்டர் வாங்குங்கள். கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி, தனி வயரில், குறைந்த வாட்டில் வையுங்கள். துணி காயப்போட அதைப் பயன்படுத்தாதீர்கள். பில் ஏறும்தான், இரண்டு மாதத்துக்கு வேறு செலவைக் குறைத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூரை வேலையை அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள். வடகிழக்கு மழை தொடங்கிய பிறகு ஈரத் தகரத்துக்கு அடியில் சீலிங் கட்டினால் அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அது தவறிவிட்டால் டிசம்பரில் நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் இடைவெளி வரும், அதுவரை சந்து அடைப்பதையும் படுக்கையையும் கவனித்துக்கொண்டு பொறுத்திருங்கள்.